வான்கோழி வியாழனும் ஆளில்லாத கதிரையும்

போன கிழமை டோர்ட்மண்டில் எங்கள் தெருமுனைச் சுப்பர்மார்க்கெட்டில் 'அமெரிக்க வாரம்' போட்டிருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் இந்தக் கூத்து நடக்கும். கடலை வெண்ணெய், பஞ்சு மாதிரி இனிப்பு, கொடி குத்திய பிஸ்கட் என்று ஒரு மூலை நிறைய அடுக்கிவைத்திருப்பார்கள். நான் பாலும் பருப்பும் வாங்கப் போனவள். கை போய் ஒரு தகரப்பேணியில் நின்றது. கிரான்பெரி. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் காய்த்திருந்தால் அல்லவா பெயர் வைத்திருப்பார்கள். சின்னச் சிவப்புப் பழம், பல் கூசுகிற புளிப்பு. அதைச் சீனி போட்டுக் காய்ச்சி இறுகவைத்துப் பேணியில் அடைத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து பேணியின் இரண்டு பக்கத்தையும் வெட்டித் தள்ளினேன். சளக்கென்று முழுதாக வெளியே வந்து தட்டில் நின்றது, பேணியின் வரிகள் அப்படியே உடம்பில் பதிந்தபடி. என் மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"உது என்னப்பா, சாப்பிடுறதோ, மிசினுக்குப் பூட்டுறதோ?"

"வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளுறது."

"எங்க வான்கோழி?"

வான்கோழி இல்லை, நேற்றைய கோழிக்கறிதான் இருந்தது. அதற்கே ஒரு துண்டு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பிழையில்லை, மாங்காய்ச் சட்னிக்குத் தங்கச்சி முறை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விட்டார். எனக்கோ அந்தப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதும் மன்ஹைம் வந்துவிட்டது. ஒன்பது வருடம் அந்த மணத்தை எச்சில் தட்டுகளிலிருந்து சுடுதண்ணீர் அடித்துக் கழுவியவள் நான்.

நாங்கள் அப்போது இருந்த மன்ஹைம் பக்கத்தில் அமெரிக்கப் படைமுகாம்கள் பல இருந்தன. அதில் ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்தில், ஒரு ஒப்பந்தக்காரக் கொம்பனி மூலமாக எனக்குத் தட்டுக் கழுவுகிற வேலை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஊரில் ஆமிக் காம்பைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிய ஆள் நான். அந்த ஓட்டம் ஜெர்மனி வரைக்கும் ஓடி, கடைசியில் ஒவ்வொரு நாள் காலையும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, நானாகவே ஒரு ஆமிக் காம்புக்குள் நுழைகிற ஓட்டமாகிவிட்டது. தலையெழுத்து என்றால் இதுதான்.

என்னோடு பஸ்ஸில் வந்து என்னோடு அந்த வாசலைத் தாண்டுகிற இன்னொரு தமிழ் ஆள் புவனாக்கா. என்னைவிடப் பத்து வயது மூப்பு. நெற்றியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்திருப்பார், ஐந்து சென்ற் காசளவு. ஒருமுறை வாசலில் நின்ற புதுப் பெடியன், இருபது வயதிருக்காது, துவக்கும் தானுமாக அவரைப் பார்த்துப் பதறிவிட்டான். காயம்பட்டிருக்கிறதா அம்மா என்று கேட்டான். நான் தமிழில் சொன்னேன். அக்கா சிரிக்காமல், "காயமில்லை, கலியாணம் எண்டு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அவனுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

கலியாணம் இருந்தது, கலியாணம் கட்டியவர்தான் இல்லை. ஊரில் ஒரு காலமை சைக்கிளில் வேலைக்குப் போனவரைச் சோதனைச்சாவடியில் இறக்கி வைத்திருக்கிறார்கள். கண்டவர்கள் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளுமில்லை, சைக்கிளுமில்லை, உடம்புமில்லை. பிள்ளைகளும் இல்லாத அக்காவைக் கெல்சென்கிர்ச்சனில் இருந்த அவருடைய அண்ணை இரண்டு வருடம் கழித்து இங்கே எடுத்துவிட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்ப நான் அக்காவோடு போயிருந்தேன். மணமானவர், விதவை, மணமுறிவு, பிரிந்து வாழ்பவர் என்று நாலு பெட்டி. அக்கா பேனையைப் பிடித்துக்கொண்டு, "காணாமல் போனவருக்குப் பெட்டி இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை. மணமானவர் என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு வந்தோம்.

அண்ணைக்குத்தான் பொறுமை இல்லை. அவர் கெட்டவரல்ல, தங்கச்சியில் உயிர். ஆனால் சாத்திரம் சம்பிரதாயம் பார்க்கிறவர். ஆடி அமாவாசை கிட்ட வந்தால் தொலைபேசி அடிக்கும். "இஞ்ச ஊன்ட்றொப்பில அம்மன் கோயிலடி வாய்க்காலிலயே எள்ளுத்தண்ணி இறைக்கலாம், ஐயரிட்டக் கேட்டனான், திதி தெரியாட்டியும் பரவாயில்லையாம்" என்பார். அக்கா, "அவர் வரேக்க இதைச் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பார்" என்று கதையை மாற்றிவிடுவார். 'அவர் வரேக்க' என்பது அக்காவின் சொல். அவர் வரேக்க இந்தச் சீலையைக் கட்டுவன், அவர் வரேக்க வீடு மாறுவன். நானும் கேட்டுக்கேட்டு, அந்த மனிதர் அடுத்த புகையிரதத்தில் வருவார் என்று நம்புகிற நிலைக்கு வந்திருந்தேன்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அவர்களுடைய பெருநாட்களை நாங்கள் படித்தது புத்தகத்தில் இல்லை, கழுவுகிற தட்டில்தான். பெப்ரவரியில் தட்டெல்லாம் சிவப்பு இதய இனிப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அது காதலர் தினம். மார்ச்சில் கேக், பியர், உருளைக்கிழங்கு வரைக்கும் பச்சைச் சாயம் பூசுவார்கள்; ஏதோ ஒரு அயர்லாந்துச் சாமியாருடைய நாளாம், அந்தப் பச்சை நகத்திலிருந்து போக மூன்று நாள் எடுக்கும். ஒக்டோபர் கடைசியில் பேய்த் திருநாள். பேய் என்றால் நாங்கள் வீட்டுக்குள் வரவிடாமல் வேப்பிலை கட்டுவோம், அவர்கள் பிள்ளைகளுக்குப் பேய் வேடம் போட்டு வீடு வீடாக அனுப்பி இனிப்பு வாங்குவார்கள். முன்பெல்லாம் நகரத்து ஜெர்மன் பிள்ளைகளும் பையோடு முகாம் குடியிருப்புக்குள் போய் வருவார்களாம். இரண்டாயிரத்து ஒன்றுக்குப் பிறகு வாசலை இறுக்கிவிட்டார்கள். காருக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள். பேய்களும் அடையாள அட்டை காட்டவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஜூலை நாலு அவர்களுடைய சுதந்திர தினம். சோளக்கதிரும் சுட்ட விலா எலும்பும் மலைமலையாக வரும். பகல் முழுக்க ஒத்திகை என்று எங்காவது ஒரு வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் வருடம் முதல் வெடி கேட்டதும் நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கழுவுகிற மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டோம். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இது மன்ஹைம் என்று. ஏதோ கரண்டி விழுந்ததைத் தேடுவதுபோலக் கொஞ்சநேரம் தடவிவிட்டு எழும்பினோம். மேற்பார்வை பார்க்கும் ஹைக்கே, "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள். "கரண்டி" என்றேன். மெனக்கெட்டு அவளும் குனிந்து தேடினாள், பாவம்.

ஹைக்கே ஜெர்மன்காரி. நல்ல மனுசி, ஆனால் ஒழுங்கு என்றால் உயிரை விடுவாள்.

இவற்றுக்கெல்லாம் ராசா நவம்பரில் வருகிற நன்றி சொல்லும் நாள். ஒரு வியாழக்கிழமையில்தான் வரும், மாறாது. வெள்ளிக்கிழமையில் மச்சம் கையால் தொடாத அக்காவுக்கு அமெரிக்கர்கள்மேல் மதிப்பு வந்ததே இதனால்தான். "இவ்வளவு இறைச்சியையும் வெள்ளிக்கு வைக்காமல் வியாழனுக்கு வைச்சிருக்கினமே, விபரமான சனம்" என்பார். இரண்டு நாளுக்கு முன்னாலேயே குசினி மணக்கத் தொடங்கும். கறுவா, வெண்ணெய், அவிகிற வான்கோழி. பூசணிக்காயில் இனிப்புப் பலகாரம். வற்றாளங்கிழங்கை மசித்து அதன்மேல் பஞ்சு இனிப்பைப் பரப்பிச் சூளையில் வைத்து எரிப்பார்கள். அதை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு உறைப்பென்று ஒன்று உலகத்தில் இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மிஞ்சுவதில் ஒரு துண்டும் வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது, எல்லாம் குப்பைக்குத்தான், அது சட்டம். அதனால்தான் என் மனுசனுக்குப் போன கிழமை வரைக்கும் கிரான்பெரி தெரியாது.

அந்த நாளின் விசேஷம் இறைச்சி அல்ல. அன்றைக்குப் பரிமாறுகிறவர்கள் அதிகாரிகள். முகாமின் பெரியவரிலிருந்து கீழே வரைக்கும், கடுநீலச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கம், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் கரண்டி. புதிதாகச் சேர்ந்த பெடியன்கள் தட்டை நீட்ட, கேணல் குழம்பு ஊற்றுவார். அவர் ஊற்றத் தெரியாமல் மேசையெல்லாம் ஊற்றுவார், துடைப்பது நாங்கள். இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பெடியன்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் ஈராக்குக்குப் போகிறவர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் இரண்டாவது தரமும் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள்.

நான் சொல்லவந்த நாள் இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, அந்த வியாழன்தான். முன்மண்டபத்தில் மேசை போடுகிற போலந்துப் பெண் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். நாங்கள் பின்வாசலால் வந்து பின்வாசலால் போகிற ஆட்கள், முன்மண்டபத்தை அதுவரைக்கும் சரியாகப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஹைக்கே என்னை அங்கே அனுப்பினாள். "ஒவ்வொரு மேசையாகப் பார். ஏதாவது குறைந்தால் நிரப்பு. பதினொன்றரைக்குக் கதவு திறக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். நான் ஏப்ரன் மாற்றிக்கொண்டு போனேன்.

வாசலுக்குப் பக்கத்தில் தனியே ஒரு சின்ன வட்டமேசை. வெள்ளை விரிப்பு. ஒற்றை ரோசாப்பூ, மெழுகுதிரி. ஒரு கதிரை, முதுகை மேசையில் சாய்த்து வைத்தபடி. தட்டில் ஒரு துண்டு தேசிக்காய், எலுமிச்சைதான், பக்கத்தில் கொஞ்சம் உப்பு. கண்ணாடிக் குவளை கவிழ்ந்திருந்தது.

நீங்களே சொல்லுங்கள், நம்மாள் ஒருத்திக்கு இதைப் பார்த்ததும் என்ன தோன்றும்? பூ, விளக்கு, ஆளில்லாத இருக்கை. செத்தவருக்குப் படைக்கிறார்கள் என்று தோன்றாதா? ஆனால் அரைகுறைப் படையல். உப்பும் தேசிக்காயும் வைத்தவன் சாப்பாட்டை மறந்துவிட்டான். குவளை கவிழ்ந்து கிடக்கிறது, விடாய்த்து வருகிற ஆத்மா என்ன செய்யும்? எனக்கு அவர்கள்மேல் பாவமாகவே இருந்தது. இவ்வளவு பெரிய வல்லரசு, ஒரு படையலை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. குறைந்தால் நிரப்பு என்று ஹைக்கேயும் சொல்லியிருக்கிறாள்.

நிரப்பினேன். வான்கோழியில் நல்ல நெஞ்சுத்துண்டு இரண்டு, உருளைக்கிழங்கு, அந்த எரித்த வற்றாளை, கிரான்பெரி, ஒரு பூசணிப் பலகாரம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றோடொன்று முட்டாமல். குவளையை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். கதிரையையும் நிமிர்த்தி, ஆள் வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டேன். பலகாரத் தட்டோடு அக்கா அந்தப் பக்கம் வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்கா, இஞ்ச வாங்கோ. இவையளும் எங்களை மாதிரித்தான். செத்தவைக்குப் படைக்கினம்."

"ஆருக்காம்?"

"சண்டையில செத்த பெடியனுக்காக்கும். சாப்பாடு வைக்க மறந்திட்டினம். நான் வைச்சிட்டன்."

அக்கா நின்று பார்த்தார். "நல்ல வேலை செய்தாய். ஆரின்ர பிள்ளையோ, வயிறு குளிரட்டும்" என்று சொல்லி, தண்ணீர்க் குவளையைத் தன் கையால் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். அப்போதுதான் அந்தப் பெரிய சார்ஜன்ட் உள்ளே வந்தார். கறுப்பு மனிதர், கதவை நிறைக்கிற உயரம், முழுச் சீருடை. மேசையைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஹைக்கே. அவள் முகம் அந்தக் கிரான்பெரி நிறத்துக்கு வந்துவிட்டது. என்னுடைய முழுப்பெயரையும், அப்பாவின் பெயர் உட்பட, சொல்லிக் கூப்பிட்டாள். ஹைக்கே முழுப்பெயர் சொன்னால் சங்கதி பெரிது.

யார் இதைச் செய்தது என்று சார்ஜன்ட் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நான் கையை உயர்த்தினேன். ஏன் என்று கேட்டார். எனக்கு யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிப்பித்த ஆங்கிலம் முழுவதும் அந்த நிமிடத்தில் கையை விட்டுவிட்டது. "டெட் மேன் சார், வெரி ஹங்கிரி" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அவர் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. இவர் செத்தவரில்லை அம்மா என்றார். திரும்பி வராதவர். பிடிபட்டவர், காணாமல் போனவர், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாதவர். செத்தவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, இந்த மேசை கல்லறை இல்லாதவர்களுக்கு. தேசிக்காய் கசப்புக்கு, உப்பு வீட்டாருடைய கண்ணீருக்கு, அவர் இன்றைக்கு எங்களோடு குடிக்க முடியாது என்பதற்காகக் குவளையைக் கவிழ்த்து வைக்கிறோம். சாப்பாடு வைப்பதில்லை, அவர் வந்துதான் சாப்பிடவேண்டும். மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் அதை வரிக்கு வரி அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். 'காணாமல் போனவை' என்று சொல்லும்போதுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்து என்ன பிரயோசனம், சொல் போய்விட்டது. அக்கா குவளையிலிருந்து கையை எடுத்தார், சுட்டதுபோல.

"எத்தினை வருசம் பார்ப்பினமாம்? கேள்."

கேட்டேன். கண்டுபிடித்துக் கொண்டுவரும் வரைக்கும் என்றார். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய சண்டையில் போனவர்களுக்கும் இதே மேசைதான் என்றார்.

"அவையளின்ர மனிசிமார் என்ன செய்வினமாம்?"

அதையும் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அது எனக்குத் தெரியாது அம்மா" என்றார். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார். தண்ணீரைப் பூச்சாடியில் ஊற்றிவிட்டு, தன் கைலேஞ்சியால் குவளையைத் துடைத்துக் கவிழ்த்தார். கதிரையைச் சாய்த்தார். புதுத் தட்டில் புதுத் தேசிக்காய்த் துண்டு வந்தது. கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

தட்டோடு நான் பின்பக்கம் போனேன். சட்டப்படி அது குப்பைக்குள் போகவேண்டும். படைத்த சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மதிலில், ஜெர்மன் காகங்கள் இரண்டு இருந்தன. எங்கள் ஊர்க் காகத்தைவிடப் பெரிசு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அதிகாரி மாதிரிப் பார்க்கும். வழக்கம் கையை விடுமா? தட்டை மதிலில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒன்று தத்தித் தத்திக் கிட்ட வந்தது.

பின்கதவு படாரென்று திறந்தது. அக்கா ஓடிவந்தார். "வையாதை! காகத்துக்கு வையாதை! சூ! சூ!" ஏப்ரனைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு காகத்தைத் துரத்தினார். நாற்பத்தைந்து வயதுப் பெண், தலையில் குசினி வலைத்தொப்பியோடு, மதிலோரமாக ஓடுகிறார். காகம் சாப்பிட்டால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்றுதானே எங்களுக்குக் கணக்கு. அந்தத் தட்டை அக்கா யாருடைய தட்டாக நினைத்தார் என்று எனக்கு விளங்கியது. தட்டைப் பிடுங்கித் தொட்டிக்குள் கவிழ்த்து மூடியைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்க அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. "வா, தட்டுகள் வரப்போகுது" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கவேண்டாம் என்று சார்ஜன்ட் நேரே போய்ச் சொன்னாராம். கடிதம் திங்கட்கிழமையே வந்தது. ஹைக்கேயின் ஒழுங்குக்கு முன்னால் அமெரிக்கப் படை தோற்ற நாள் அது. சார்ஜன்ட் அடுத்த வசந்தத்தில் ஈராக்குக்குப் போனார். திரும்பினாரா, வேறு முகாமுக்கு மாறினாரா, எனக்குத் தெரியாது.

அன்று வேலை முடிந்து அக்காவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்குகிற தரிப்புக்குக் கிட்ட வரும்போது, "பாத்தியே பிள்ளை, சோறு போடாமலும் நினைக்கலாமாம்" என்றார். எனக்கு அப்போது அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு, புருசன் காணாமல் போன நாள் வந்தால், அக்கா தன் ஒற்றை அறை வீட்டில் ஒரு தட்டு வைப்பார். வெறும் தட்டு. பக்கத்தில் கவிழ்த்த சில்வர்க் குவளை, உப்பு, தேசிக்காய்த் துண்டு. எதிரே ஒரு கதிரை. நன்றி சொல்லும் நாளிலும் வேலை முடிந்து வந்து வைப்பார். ஒரு ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அண்ணை எள்ளு, தர்ப்பை எல்லாம் பையில் கட்டிக்கொண்டு கெல்சென்கிர்ச்சனிலிருந்து நேரே வந்து இறங்கினார். இந்த முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாமல் போவதில்லை என்ற முடிவோடு. அன்றைக்கும் தட்டு மேசையில் இருந்தது. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உதென்னடி வெறும் தட்டும் கவிட்ட டம்ளரும்? அமெரிக்கன்ர கூத்தை ஆர் உனக்குப் பழக்கினது?"

நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. சீனி தேடுவது போல ஒவ்வொரு டப்பாவாகத் திறந்துகொண்டிருந்தேன்.

"அந்தாள் பசியோட அலையுது. பத்து வருசமாகப் போகுது. ஒரு பிடி சோறு வைக்கிறியில்லை. உனக்கு நெஞ்சில ஈரமில்லையே?"

"உயிரோட இருக்கிறவருக்கு எள்ளுத்தண்ணி இறைச்சால் அது கொலை அண்ணை."

"இருந்தால் வந்திருப்பான்தானே!"

அண்ணை தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். பையை மறந்து வைத்துவிட்டுப் போனார். எள்ளை அக்கா எடுத்து வறுத்து எள்ளுப்பாகு செய்து, அடுத்த நாள் முகாமுக்குக் கொண்டுவந்து ஹைக்கேக்கும் கொடுத்தார். ஹைக்கே அதற்குச் செய்முறை எழுதி வாங்கினாள்.

அந்த முகாம் இப்போது இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதிலேயே பாதிப் படை போய்விட்டது. மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்ட இடத்தில் முந்நூறு பேர், பிறகு நூறு. நாங்கள் அதிகம் கழுவவேண்டியிருக்கவில்லை. மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு வாசலில் சங்கிலி போட்டார்கள், பிறகு சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மனுசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகள், சிறுவர் பள்ளி, சைக்கிள் பாதை. அந்த மண்டபம் எங்கே நின்றது என்று என்னால் காட்டவே முடியவில்லை. "இதிலயோ, அங்கால மரத்தடியிலயோ?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் ஒவ்வொரு இடத்துக்கும் ஓம் சொன்னேன். பேய் வேடப் பிள்ளைகளும் வெள்ளைத் தொப்பி அதிகாரிகளும் வந்துபோன சுவடு ஒன்றும் அங்கே இல்லை.

அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில் ஊரில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோடை முழுக்க, அங்கே அகதி முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் கைக்குக் கை வந்தன. நான் கணினியில் பார்த்து வாசிக்க, அக்கா பக்கத்தில் இருந்து கேட்பார். அந்தப் பெயர்களில் அவர் பெயர் இல்லை. ஓகஸ்டில் அக்கா வேலையை விட்டுக் கெல்சென்கிர்ச்சனுக்கு அண்ணை வீட்டோடு போய்விட்டார்.

அந்த நவம்பர் வான்கோழி வியாழன் அன்று, மத்தியானம், தட்டுகள் வரத் தொடங்குகிற நேரம், என் கைத்தொலைபேசி அடித்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டு பின்கதவடிக்குப் போனேன்.

"பிள்ளை, வேலையோ?"

"ஓமக்கா. இண்டைக்கு வான்கோழி."

"ஓ… வியாழன் என்ன." அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை மூடுகிற சத்தம் கேட்டது. "நான் இண்டைக்கு அவருக்குச் சோறு போட்டிட்டன்."

"ஏனக்கா, ஏதும் தகவல் வந்ததே?"

"ஒண்டும் வரேல்லை. அண்ணையும் கேக்கேல்லை, அவர் இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. ஐயர், திவசம், அதெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல சாப்பிடட்டும் எண்டு என்ர கையால போட்டன்." அழுகிற குரல் இல்லை, கடைக்குப் போய்வந்த கதை சொல்லுகிற குரல்தான். "பதின்மூண்டு வருசம் பிள்ளை. என்ர பொட்டுக்காக மனுசனைப் பட்டினி போட்டிட்டன்."

அந்த மேசையை நான் காட்டியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று அன்றைக்கும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "என்ன கறியக்கா வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"கத்தரிக்காய்ப் பால்கறி," என்றார். "அவருக்கு உறைப்பு ஏலாது."